கொக்குவில் கராச்சில் சரியான மொறிஸ் மைனர்
எங்கள் மொறிஸ் மைனர் 1000, காலையில் இயக்கியதும் சூடேறும்வரை உதறி, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலின் பங்கைக் கூட்டும் சோக்கை உள்ளே தள்ளினால் நின்றுவிடும். கொக்குவிலிலுள்ள இந்தச் சிறிய கராச்சில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில் கைவைக்காமல், காரை முதல்நாள் மாலையே விட்டுச்செல்லுமாறு கேட்டார்கள். எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும் குறையை ஆறிய எஞ்சினில்தானே பிடிக்க முடியும்! காலையில் தீப்பொறிக்கான பிளக்குகளையும் பொயின்ரையும் பார்த்தபின், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில், கலவையை உள்ளே கொண்டுசெல்லும் இன்லெற் மனிபோல்ட் குழாயின் கஸ்கற் (பொருத்தை அடைக்கும் தகடு) விளிம்பில் மெக்கானிக் எரியக்கூடிய காபரேற்றர் கிளீனரைச் சிறிது விசிற, உதறல் சட்டென்று அடங்கியது. அவ்விடத்தால் புகுந்த காற்றே கலவையில் பெற்றோலின் பங்கைக் குறைத்திருந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் பெற்றோல் நன்றாக ஆவியாகாததால், இத்தகைய கசிவு அப்போதுதான் கூடுதலாக வெளிப்படும். கஸ்கற்றை மாற்றி, எஸ்.யூ. வகைக் காபரேற்றரின் டாஷ்பொட்டில் (அதன் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் எண்ணெய் இருக்கும் பகுதி) குறைந்திருந்த எண்ணெயையும் நிரப்பினார்கள். தேவையற்ற பாகம் எதையும் வாங்கச் சொல்லாத நேர்மை மிகவும் பிடித்தது. வேலை முடியும் நேரத்தை முற்கூட்டியே சொன்னால் இன்னும் நன்றாயிருக்கும்.