அத்தையின் டாரோ சீட்டுகளும் ஃபில்மோபிளாஸ்ட் பி நாடாவும்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்களுக்கு உதவும். டாரோ சீட்டு, அதாவது குறி பார்க்கும் படச் சீட்டு, கிழிந்திருந்தால் கிழிந்த தாளை ஒட்டுகிற இந்த நாடாவை வாங்குங்கள். மூலை நைந்து அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால் இது அதற்கு ஆகாது. எந்த நிலையிலும் சீட்டின் பின்பக்கத்தில் ஒட்டாதீர்கள். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது மார்செய் டாரோ. பிரான்சின் மார்செய் நகரத்தில் நிகோலா கோன்வேர் அச்சிட்ட, 1760 என்ற ஆண்டைத் தாங்கிய சீட்டுக்கட்டைப் பின்பற்றி, 1930-இல் போல் மார்த்தோ கிரிமோ என்ற பிரெஞ்சுச் சீட்டு நிறுவனத்துக்காகக் கொண்டுவந்த பதிப்பு, அதன் பிந்தைய அச்சு ஒன்று. அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை, பக்கத்துத் தீவான ரெயூனியோன் போய் வந்தபோது வாங்கியது. மொரிஷியஸின் தலைநகர் போர் லூயியில் உள்ள வீட்டின் முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உட்கார்ந்து தெருவில் பாதிப் பேருக்குப் பார்த்துச் சொல்வார். கேள்வி கிரியோலில் வரும், பதிலும் கிரியோலில் போகும், ஆனால் சீட்டைக் கலைக்கும் முன் "முருகா" என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். காவடி விரதம் இருக்கும் நாட்களில் கட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவார். அம்மனைக் கும்பிடுகிற வீட்டில் இது எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு, அவர்களும் பெண் கல்யாணம் தள்ளிப்போகும்போது வந்து எதிரில் உட்கார்ந்தார்கள்.

அத்தை போன பிறகு கட்டு எனக்கு வந்தது. அப்போதே விளிம்பெல்லாம் பழுப்பேறி, கலைத்துக் கலைத்து மிருதுவாகி, கையில் எடுத்தால் துணி மாதிரி இருக்கும். சூரியன் சீட்டின் ஒரு மூலையில் மஞ்சள் கறை, சமையல் பாதியில் ஓடிவந்து பார்த்த நாளின் கறை அது. அதெல்லாம் சேதம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சேதம் என்றால் 2024 ஜனவரி 15. பெலால் புயலன்று போர் லூயி தெருக்களில் தண்ணீர் கார்களை இழுத்துப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். நான் மேட்டு நிலத்து ஊரான க்யூர்பீப்பில் இருந்தேன், சீட்டுக்கட்டு அத்தை வீட்டுக் கீழ் இழுப்பறையில் இருந்தது. மறுநாள்தான் போக முடிந்தது. அத்தை மகள் சேற்றைத் தள்ளிக்கொண்டே கட்டை எடுத்து நீட்டினாள், செங்கல் மாதிரி ஒன்றாக ஒட்டிக் கனத்துப்போயிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நாடாவை விட முதல் இரண்டு நாள்தான் கட்டைக் காப்பாற்றுகிறது. நனைந்த சீட்டுகளை, குறிப்பாக மேலே பூச்சு உள்ளவற்றை, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டும். ஒட்டியபடியே காய விட்டால் பிறகு பிரிக்கும்போது ஒன்றின் படம் இன்னொன்றின் முதுகோடு போய்விடும். 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். அதற்குள் உட்கார நேரமில்லை என்றால் கட்டை அப்படியே ஒரு பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள், ஆவணக் காப்பகங்களில் நனைந்த புத்தகங்களுக்கும் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு இது அப்போதே தெரிந்திருந்ததால் அன்றே 78 சீட்டையும் பிரித்து, கேக் சுடும் பேக்கிங் தாளில் பரப்பி, மின்விசிறியின் கீழ் வைத்தேன். முதல் பத்தை மட்டும் அவசரத்தில் வெயிலில் வைத்தேன், அந்தப் பத்தும் இன்றுவரை லேசாக வளைந்தே இருக்கின்றன. மீதியை முக்கால் ஈரம் போனதும் ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்கள் ஏற்றி, தாளைத் தினம் மாற்றி ஒரு வாரம் அழுத்தினேன். காவடிக்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை தட்டையாக வந்திருந்தன.

ஆறு சீட்டுகள் கிழிந்திருந்தன. பதினைந்து இருபதின் மூலைகளில் அட்டையின் அடுக்குகள் பிரிந்திருந்தன. அட்டை என்பது பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிச் செய்வதுதானே, உள்ளே தண்ணீர் போனால் அந்தப் பசை விட்டுவிடும்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது. லா லூன், நிலவுச் சீட்டு, நடுவில் கிழிந்திருந்தது. பக்கத்தில் நகலெடுக்கும் கடை ஒன்றில் லேமினேட் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள், நானும் கொடுத்துவிட்டேன். சூடான பிளாஸ்டிக் படத்தோடு ஒட்டிவிட்டது, இனி உரித்தால் மையும் கூட வரும். அதைச் சீட்டுக்கட்டில் சேர்த்துக் கலைத்தால், சீட்டுகளை இரண்டாகப் பிரிக்கும்போது விரல் நேராக அந்த இடத்தில் போய் நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நிலவுதான் வரும் என்றால் அதற்குப் பெயர் சீட்டு எடுப்பதா? தயவுசெய்து பழைய சீட்டு எதையும் லேமினேட் செய்யக் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகுதான் நிதானமாகத் தேடி இந்த நாடாவுக்கு வந்தேன். ஃபில்மோபிளாஸ்ட் பி, நெஷென் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தயாரிப்பு. நூலகங்களில் கிழிந்த பக்கங்களை ஒட்டப் பயன்படுத்துவது. சாதாரண செலோடேப் போல பிளாஸ்டிக் இல்லை, ஊடுருவித் தெரிகிற மெல்லிய தாள். சதுர மீட்டருக்கு 20 கிராம்தான் எடை, நாம் அச்சுக்குப் போடும் தாள் 80 கிராம், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அமிலம் இல்லாதது, கால்சியம் கார்பனேட் சேர்த்தது, பசை அக்ரிலிக். அத்தை எப்போதோ வீல் ஆஃப் ஃபார்ச்சூன் சீட்டில், எங்கள் வீட்டுப் பேச்சில் சக்கரத்தில், ஒட்டியிருந்த செலோடேப் மஞ்சளாகிக் கசிந்து பக்கத்துச் சீட்டிலும் கறை ஏற்றியிருந்தது. அந்த மாதிரி ஆகக்கூடாது என்பதுதான் என் கவலை.

போர் லூயியிலும் ரோஸ் ஹில்லிலும் நான் கேட்ட கடைகளில் இல்லை, பிரான்சிலிருந்து வரவழைத்தேன், தபால் செலவு நாடாவின் விலையை எட்டிவிட்டது. 2 சென்டிமீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம். ஆறு சீட்டுக்கு நான் செலவழித்தது அரை மீட்டர் கூட இருக்காது. இது இந்தப் பொருளின் மேல் எனக்குள்ள ஒரே பெரிய குறை, சின்னச் சுருளாகவும் விற்றால் எத்தனை பேருக்கு உதவும்.

ஒட்டுவது சுலபம். கிழிசலின் இரண்டு ஓரத்தையும் நார் நாராகப் பொருத்தி வைத்துவிட்டு, தேவையான அளவுக்கு மட்டும் வெட்டி, நான்கு முனையையும் வளைவாகக் கத்தரித்து (கூர்முனை இருந்தால் கலைக்கும்போது அங்கிருந்துதான் எழும்பும்), மேலே வைத்து ஸ்பூனின் பின்பக்கத்தால் மெதுவாகத் தேய்த்தேன். முதல் சில நிமிடங்களில் கோணலாக இருந்தால் எடுத்து மாற்ற முடிந்தது, அதன் பிறகு பிடி இறுகிவிடுகிறது. முழுக்கத் திரும்ப எடுக்கக்கூடிய ஒட்டு என்று நம்பி இறங்காதீர்கள். காகிதப் பேணுநர்களில் பலர் இன்றும் இதைவிட ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் நல்லது என்பார்கள், காரணம் அதைத் தண்ணீரால் இளக்கி எடுத்துவிடலாம்.

பின்பக்கம் பற்றிச் சொன்னேனே. நாடாவுக்கு வெளிர் நிறத்தில் கிட்டத்தட்டத் தெரியாமல் போகிற குணம் உண்டு, மார்செய் டாரோவில் படத்தின் பின்னணியில் வெள்ளைதான் அதிகம், அதனால் முன்பக்கத்தில் நன்றாக மறைந்துவிட்டது. நிறம் அழுத்தமான இடத்தில் மெல்லிய பனிமூட்டம் போல ஒரு படலம் தெரிகிறது. பின்பக்கத்து வடிவத்தின் மேல் ஒட்டினால் பளபளப்பு மாறும், கவிழ்த்து வைத்திருந்தாலும் எது என்று தெரிந்துவிடும். புத்தகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, டாரோவுக்கு இதுதான் எல்லாம். தடிமனும் அப்படியே. ஒரு அடுக்கு ஒட்டியது விரலுக்குத் தெரியவில்லை, ஒரு சீட்டில் தவறுதலாக இரண்டு அடுக்கு விழுந்தது, அது தெரிகிறது.

பிரிந்த மூலைகளில் நாடாவை முயன்று பார்த்தேன், சரிவரவில்லை. மூலையை மடித்து மூடினால் கொழுக்கட்டை ஓரம் மாதிரி தடித்துப்போகிறது. அதை எடுத்துவிட்டு கோதுமை ஸ்டார்ச் பசையைக் காய்ச்சி, மெல்லிய தூரிகையால் அடுக்குகளுக்கு நடுவே துளி வைத்து, பேக்கிங் தாளுக்கு நடுவே ஒரு இரவு அழுத்தினேன். அது நன்றாக நிற்கிறது. பசை கொஞ்சமே கொஞ்சம் போதும், மிஞ்சினால் கரப்பானுக்குத்தான் விருந்து.

மஞ்சள் கறையைத் தொடவில்லை. சோப்பு வைத்துத் துடைத்தால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். மஞ்சள் காரத்தில் பட்டால் சிவக்கும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற நமக்கு அது தெரியாதா? நாடாவிலும் லேசான காரத்தன்மை உள்ள கால்சியம் கார்பனேட் இருக்கிறது என்பதால் அந்த மூலைப் பக்கமே அதைக் கொண்டுபோகவில்லை.

இதே பதிப்பைப் புதிதாக வாங்கி நிலவை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்டார்கள். பழைய அச்சும் புதிய அச்சும் அட்டையில், நிறத்தில், வழுவழுப்பில் ஒத்துப்போகாது, 77 பழையதுக்கு நடுவில் ஒரு புதியது லேமினேட் செய்தது போலவே விரலுக்குத் தெரியும். அது மட்டுமில்லை. எனக்கு அத்தை தொட்டதுதான் வேண்டும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் உறை போடுவது பற்றியும் கேட்பீர்கள். பிவிசி உறை வேண்டாம், காலப்போக்கில் அதிலிருந்து வெளியேறும் பொருட்கள் சீட்டைக் கெடுக்கும், பாலிபுரொப்பிலீன் பரவாயில்லை. அளவு பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால் அளந்துவிட்டு வாங்குங்கள். நான் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டேன், கட்டு இரண்டு மடங்கு உயரமாகி என் கைக்குள் அடங்கவில்லை.

க்யூர்பீப் ஈரத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அலமாரியில் வைத்த செருப்புக்கே பூஞ்சை பிடிக்கும் ஊர். கட்டு இப்போது மூடி இறுக்கமான பிஸ்கட் தகர டப்பாவில், பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கிறது. ஆரஞ்சு மணி பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், அடுப்பில் சுமார் 120 டிகிரி செல்சியஸில் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி, 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் நிம்மதி, 65-ஐத் தாண்டினால் அன்றே மணியை மாற்றிவிடுகிறேன். ஒன்றரை வருடமாக நாடா மஞ்சளாகவில்லை, ஓரம் எழும்பவில்லை, பக்கத்துச் சீட்டில் ஒட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கலைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நிலவு இப்போது சீட்டுக்கட்டோடு சேர்வதில்லை. கலைக்கும் முன் அதைத் தனியாக எடுத்துத் துணியின் மேல் தலைமாட்டில் வைத்துவிட்டு, அத்தை சொன்னது போலச் சொல்லிவிட்டு மீதி 77-ஐத் தொடுகிறேன். சுருளில் இன்னும் 49 மீட்டருக்கு மேல் கிடக்கிறது. தீவுக்குள் யாருக்காவது கிழிந்த சீட்டோ, பாட்டியின் சமையல் குறிப்பேடோ, தேவாரப் புத்தகமோ இருந்தால் சொல்லுங்கள், ஒரு மீட்டர் வெட்டித் தருகிறேன்.