லேசான காது மந்தம்: காத்திருப்பதா, மெஷின் மாட்டுவதா, இயர்பட்ஸ் போதுமா?

ஆடியோகிராம் என்னும் காது சோதனைத் தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. என் தாளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் போகின்றன: தாழ்ந்த ஸ்தாயியான 500 ஹெர்ட்ஸில் 15 டெசிபல், ஸ்தாயி உயர உயர 2000-ல் 35, 4000-ல் 45. சராசரி எடுத்தால் 30 சொச்சம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில் 20 முதல் 35-க்குள் இருப்பது 'லேசானது'. டாக்டரும் அதைத்தான் சொன்னார். "மெஷின் போட்டாலும் போடலாம், போடாட்டியும் பரவாயில்லம்மா." குழப்பமே இந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கிறது. குறைவு பெரிதாக இருந்தால் வேறு வழியில்லை என்று மாட்டிக்கொள்ளலாம். 30 சொச்சம் டெசிபலில் முடிவை நாம்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

விலை விசாரிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்னக் கருவியை வைத்தும் சோதித்திருப்பார்கள். எலும்பு வழியாக நன்றாகக் கேட்டு, காற்று வழியாக மட்டும் குறைந்திருந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. அழுக்கு அடைத்திருக்கலாம், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம், பறையில் ஓட்டை இருக்கலாம், அங்கவடி எலும்பு இறுகியிருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சையோ அறுவையோ உண்டு. அப்படியானால் போக வேண்டிய இடம் இ.என்.டி. டாக்டர்தான், மெஷின் கடை இல்லை. இரண்டு வழியிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் உள்காதுக் கோளாறு. வயதாலோ இரைச்சலாலோ தேய்ந்த, ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்களை மீட்க இன்றைக்கு மாத்திரையோ அறுவையோ கிடையாது. 'நரம்புக்கு' என்று எழுதித்தரும் வைட்டமின் சீட்டை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு காது மட்டும் திடீரென்று, ஓரிரு நாளில் அடைத்துப்போனால் கதையே வேறு. ஒப்பீடெல்லாம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

என்னுடையது உள்காதுக் குறைவு. இதற்கு நிஜமான தேர்வுகள் நான்கு.

சும்மா இருப்பது முதலாவது. இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். மெஷின் போடாவிட்டால் காது இன்னும் கெடும் என்பது விற்பனைப் பேச்சு. மெஷின் உள்காதின் தேய்மானத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அடுத்த பயமுறுத்தல் மறதி நோய். 2023-ல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயதுக்காரர்கள் 977 பேர் இருந்தார்கள். மூன்று வருடத்தில் மொத்தக் கூட்டத்தில் மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் அறிவாற்றல் சரிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவினரிடம் மட்டும் சரிவு பாதிக்குப் பாதி மட்டுப்பட்டது. எழுபதைத் தாண்டிய அப்பாவுக்கு இது யோசிக்க வேண்டிய சேதி. ஐம்பது வயதுக்காரரை மிரட்ட இது உதவாது. அன்றாடத்தில் சிரமம் இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை சோதனை போதும்.

எனக்குச் சிரமம் இருந்தது. ஆசிரியை வேலை. கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து பதில் சொன்னால் அது 'தட்டு'வா 'பட்டு'வா என்று பிடிபடாது. சத்தம் வருகிறது, மெய்யெழுத்து வருவதில்லை. உயர் ஸ்தாயியில் குறைந்த காதின் குணம் அது. சாயங்காலம் ஆனால் தலை கனக்கும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மெஷின் உதவும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. எந்த மெஷின் என்பதில்தான் சண்டை.

ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வரும் 'சவுண்ட் ஆம்ப்ளிஃபயர்' வேண்டவே வேண்டாம். அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கும். என் காதுக்குத் தாழ்ந்த ஸ்தாயி ஒலிகள் ஏற்கெனவே நன்றாகக் கேட்கின்றன. அதையும் தூக்கினால் மின்விசிறியும் மிக்ஸியும்தான் மண்டைக்குள் ஓடும். அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் செவிக்கருவிகளுக்கு அதிகபட்ச ஒலி அளவு முதல் பல கட்டுப்பாடுகள் உண்டு. அந்தச் சேதியைப் படித்துவிட்டு இதை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

இயர்பட்ஸ் கொஞ்சம் மரியாதைக்குரிய போட்டியாளர். ஏர்பாட்ஸ் ப்ரோ 2-ல் வரும் செவிக்கருவி மென்பொருளுக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 18 வயது தாண்டிய, லேசானது முதல் நடுத்தரம் வரை குறைவு உள்ளவர்களுக்கு. ஐஃபோன் வேண்டும். வசதி எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி திறப்பதில்லை, வாங்கும் முன் உங்கள் ஃபோனில் பார்த்துவிடுங்கள். ஒரே சார்ஜில் ஐந்தாறு மணி நேரம்தான் தாங்கும். டிவிக்கும் வீட்டுப் பேச்சுக்கும் நல்ல சாமான். ஆனால் இயர்பட்ஸ் மாட்டிய டீச்சர் வகுப்பில் நின்றால் தலைமையாசிரியருக்கு யார் விளக்கம் சொல்வது?

மிச்சம் இருப்பது கிளினிக்கில் பொருத்தும் மெஷின். போனதும் எல்லோரையும் போல "வெளியே தெரியாத மாதிரி" கேட்டேன். காதைச் சோதித்து மெஷின் பொருத்தும் ஆடியாலஜிஸ்ட் சின்னப் பெண். "உள்ள போடறது உங்களுக்குச் சரிப்படாதுங்கம்மா, காட்டறேன்" என்று இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பேசச் சொன்னாள். என் குரல் அண்டாவுக்குள் இருந்து வந்தது. துவாரத்துக்குள் முழுக்க இறங்கும் வகை காதை அடைக்கும். தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பவர்களுக்கு அந்த அடைப்பே தொல்லை. காதின் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயர் வழியாக ஸ்பீக்கரை மட்டும் உள்ளே விடும் ஆர்.ஐ.சி. வகையில் நுனியில் துளையுள்ள ரப்பர் குமிழ் இருக்கும். தாழ்ந்த ஒலி அதன் வழியாக இயல்பாகப் போகும், உயர்ந்ததை மட்டும் மெஷின் கூட்டும். லேசான குறைவுக்கு என் ஓட்டு இதற்குத்தான். முடிக்குள் அதுவும் தெரிவதில்லை.

மெஷின் ஒலியை எத்தனை சேனலாக, அதாவது ஸ்தாயிப் பிரிவுகளாக, பிரிக்கிறது என்று விசாரிப்பதைவிட, காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு உள்ளே விழும் ஒலியை அளந்து பொருத்துவார்களா என்று கேளுங்கள். 'ரியல் இயர் மெஷர்மென்ட்' என்றால் புரியும். பல இடங்களில் கம்ப்யூட்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆடியாலஜிஸ்டுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். சோதனைக்கு வீட்டுக்குத் தருவார்களென்றால் வாங்கிக்கொண்டு, அமைதியான அறையில் இல்லாமல் சந்தையிலும் கல்யாண மண்டபத்திலும் போட்டுப் பாருங்கள். முதல் நாள் எனக்குச் சாக்பீஸ் கீறும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. கொஞ்ச நாளில் பழகிவிட்டது.

பேட்டரியில் நான் சார்ஜ் செய்யும் வகையை எடுத்தேன். பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய 312 பட்டன் பேட்டரி ஒரு வாரம் போல வரும். ஸ்டிக்கரை உரித்த நொடியிலிருந்து, போட்டாலும் போடாவிட்டாலும் அது தீரத் தொடங்கும். எந்த வகையானாலும் நம் ஊர் வியர்வைக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா கட்டாயம்.

அரசு இலவசக் கருவியை இந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைந்தால்தான் கணக்கு. கைக்காசுதான். செவிக்கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லைப் பாருங்கள். கையில் இருப்பது விலை உயர்ந்த மெஷின் ஒன்றுக்கு மட்டும் போதும் என்றால், அதே பணத்தில் அடிப்படை மாடலாக இரண்டு வாங்குங்கள். இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்க இரண்டு காதும் வேண்டும்.