செய்போவா, லபாச்சோவா?

வடகிழக்கு அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும் முற்றத்தில் மண்ணின் மரமொன்றை நட விரும்புவோர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. 1942-இல் அர்ஜென்டினாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செய்போ, நம் கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது; பரானா ஆற்றங்கரைச் சேற்றிலும் வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்திலும் தளராமல் வளர்ந்து, வசந்தத்திலும் கோடையிலும் செக்கச்செவேலென்று பூக்கும் அதன் மலர்களில், அகன்ற பெரிய இதழ் கீழ்ப்புறமாக விரிந்திருப்பதை அருகில் சென்றால் காணலாம். கட்டை மென்மையானது, கிளைகளில் முள் உண்டு. லபாச்சோவோ நீர் வடியும் நிலத்தையே விரும்பும்; அதன் கட்டை மிகக் கனமானது, உறுதியானது. குளிர்காலத்தின் இறுதியில், இலையுதிர்த்த வெறுங்கிளைகளில் இளஞ்சிவப்பாக, கொத்துக்கொத்தாக அது பூக்கும் அழகுக்கு ஈடே இல்லை. ஆனால் அந்தப் பூக்காலம் குறுகியது. தண்ணீர் தேங்கும் இடமெனில் செய்போவைத்தான் நட வேண்டும். மேட்டுநிலமும் மரம் ஓங்கி வளரப் போதிய இடமும் இருந்தால், தயங்காமல் லபாச்சோவையே பரிந்துரைப்பேன்.