பைக்கில் வரும் ஆட்டு ஊசி: காசு கொடுத்துத் தண்ணீர் வாங்காதீர்கள்

தடுப்பூசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்த பட்டியில், இரண்டு மாதம் கழித்து ஆடுகள் மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிச்சல் கண்டு வரிசையாகச் சாயும். ஊசிக்காரரைக் கூப்பிட்டால் "இந்த வருஷம் நோய் புதுசுங்க, மருந்து கேக்கல" என்பார். நம்பாதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கான பிபிஆர் தடுப்பூசி ஒழுங்காக ஏறினால் மூன்று வருடம் காக்கும். ஏறியது செத்த மருந்து என்பதுதான் பெரும்பாலும் விஷயம்.

ஏமாற்றும் விதம் ஊருக்கு ஊர் ஒன்றுதான். பைக்கின் டேங்க் கவரில் குப்பி வரும். தலைக்கு இவ்வளவு என்று பேசி, அரை மணியில் பட்டியை முடித்துவிட்டு, காலிக் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ரசீது கிடையாது.

பிபிஆர் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ். உறைய வைத்து உலர்த்தியிருப்பதால் குப்பியின் அடியில் வெளிறிய வில்லை போல ஒட்டியிருக்கும். கொண்டுவரும்போது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் வைரஸ் செத்தாலும் வில்லை அப்படியேதான் இருக்கும். மருந்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அது வந்த பெட்டியைப் பாருங்கள். மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே கை வையுங்கள். ஐஸ் கரைந்து வெறும் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கரைப்பதில்தான் பாதித் திருட்டு. 100 டோஸ் குப்பிக்கு 100 மில்லி சலைன், அதுவும் குளிர்ந்த சலைன். ஆட்டுக்கு 1 மில்லி, தோலுக்கடியில். பட்டியில் 140 ஆடு இருந்தால் இன்னொரு குப்பி திறக்காமல் 40 மில்லி கூட ஊற்றிச் சமாளிப்பார்கள். எல்லா ஆட்டுக்கும் குறை டோஸ். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் குளோரின் பட்டு வைரஸ் போயிற்று. ஸ்பிரிட்டும் அப்படித்தான்: சுத்தம் என்று நினைத்து சிரிஞ்சை ஸ்பிரிட்டில் அலசி, ஈரத்தோடு மருந்தை இழுப்பது தடுப்பூசியைக் கொல்கிற வேலை. கரைத்த மருந்துக்கு ஆயுள் இரண்டு மணி நேரம், அதுவும் ஐஸ் மேல். காலையில் பக்கத்து ஊரில் கரைத்த மிச்சம் மத்தியானம் உங்கள் பட்டிக்கு வரும். அதனால் சீல் உங்கள் கண்முன்னே உடைய வேண்டும்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஊசி போட்ட மூன்றாம் நாளே ஆடு சாய்ந்தால் மருந்தைக் குறை சொல்ல முடியாது. நோய் முன்பே உடம்பில் இருந்திருக்கும். எதிர்ப்பு சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆனால் காய்ச்சலோடு நிற்கும் ஆட்டை ஒதுக்கிவிடாமல் அதற்கும் குத்தி, அதே ஊசியை அடுத்த ஆட்டில் ஏற்றுவது ஊசிக்காரர் தவறுதான். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போட்டுக் காசு வாங்குவதும் வீண். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தியே தடுப்பூசி வைரஸை அழித்துவிடும்.

துள்ளுமாரி, கோமாரி நோய்களுக்கான தடுப்பு மருந்துகள் இதற்கு நேர் எதிர். அவற்றில் இருப்பது கொன்ற கிருமி. ஃப்ரீசரில் வைத்து உறைந்தால் கெட்டுவிடும். எல்லாவற்றையும் ஐஸோடு ஐஸாகப் போட்டு வைத்திருப்பவரிடம் அந்த ஊசியும் வேண்டாம்.

தடுப்பூசியோடு "சத்து ஊசி", "பூச்சி ஊசி" என்று கூடுதலாகவும் தலையில் கட்டுவார்கள். பூச்சி ஊசி பெரும்பாலும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து. 1 சதவீத மருந்தில் 50 கிலோவுக்கு 1 மில்லி. 25 கிலோ ஆட்டுக்கு அரை மில்லிதான். எடை பார்க்காமல் ஆட்டுக்கு 2 மில்லி ஏற்றினால் நான்கு மடங்கு. ஊசி போட்ட பின் இறைச்சிக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும். லேபிளில் அது இல்லாத மருந்துக்குக் குறைந்தது 28 நாள், பாலுக்கு 7 நாள் என்பது சட்டம். அடுத்த வாரம் சந்தைக்குப் போகும் கிடாவுக்கு இதைப் போடவே கூடாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், குப்பி கையில் இருக்கும் பட்சத்தில் அதைத் தூக்கி எறியாதீர்கள். தொகுதி எண், காலாவதித் தேதி தெரிய படம் எடுங்கள். போட்ட நாள், ஆடுகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு கால்நடை உதவி மருத்துவரிடம் போங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஆடுகளுக்கு அவர் பார்த்து மறுபடி போடலாம். ஆடு சாய ஆரம்பித்திருந்தால் நோய் கண்டவற்றைத் தனியே கட்டிவிட்டு 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். செத்த ஆட்டை ஓடையில் போடாமல் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அதற்கு முன், பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.