வன்னியில் பாறை ஏற்றம்: வீதியோரப் பாறையா, குகையா?

வன்னியில் கயிறு கட்டிப் பாறை ஏற விரும்புகிறவர்களின் கண்ணில் இரண்டு வகை இடங்கள் படும். ஒன்று, வீதியில் நின்றே பார்க்கக்கூடிய உருண்டை முதுகுப் பாறைகள். மற்றது, காட்டுக்குள் பாறைக்கு அடியில் கிடக்கும் கற்குகைகள். மலேசியாவின் பத்துமலை, தாய்லாந்தின் ரெயிலே ஆகிய ஏறும் இடங்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் குகை மீதுதான் ஆசை. நான் வீதியோரப் பாறையின் பக்கம். ஏன் என்று சொல்கிறேன். குகையின் நல்ல பக்கத்தையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் கல்லைப் பார்ப்போம். பத்துமலை சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துத் துளைகளையும் தொங்கும் கல்விழுதுகளையும் உண்டாக்கியிருக்கிறது. அதனால் தலைக்கு மேல் கூரையாகச் சாய்ந்த சுவரிலும் கைக்குப் பிடி அகப்படும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்துக் கருங்கல் வேறு சாதி. அது நைஸ் (gneiss) வகை, சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறிய கல். புவியியலாளர்கள் இலங்கையின் அடிப்பாறைத் தொகுதிகளில் ஒன்றை 'வன்னித் தொகுதி' என்றே அழைக்கிறார்கள். இந்தக் கல் கரையாது, தகடு தகடாக உரியும். எங்கள் குகைகளில் பல அப்படித் தகடு கழன்று விழுந்த இடங்கள், அல்லது ஒரு பெருங்கல்லின் மேல் இன்னொன்று சாய்ந்த இடங்கள். கூரை மழமழவென்று இருக்கும். பிடிக்க ஏதாவது அகப்பட்டால் அது பாதி கழன்ற தகட்டின் விளிம்பாக இருக்கவும் கூடும். மன்னார், பூநகரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் உண்டுதான். ஆனால் அது தரைக்கு அடியில் தட்டையாகக் கிடக்கிறது, ஏறச் சுவர் இல்லை.

அதே நைஸ் வெளியே சாய்ந்த முகமாக நிற்கும்போது நன்றாக ஏறலாம். சொரசொரப்பான மேற்பரப்பில் ரப்பர் அடிப் பாதணி ஒட்டிக்கொள்ளும். கையால் இழுக்கிற வேலை குறைவு, காலை நம்பி எழும்புகிற வேலைதான் அதிகம். பனையில் ஏறுகிறவர் பாரத்தைக் காலில் வைத்து எழும்புவாரே, அந்தப் புத்திதான் இங்கும் வேண்டும். கைப்பலம் இல்லாத பதினைந்து வயதுப் பிள்ளையும் முதல் நாளே ஏறிப் பார்க்கலாம்.

கயிறு போடும் விதத்திலும் பாறைதான் முந்துகிறது. உருண்டை முதுகுப் பாறைகள் பலவற்றில் பின்பக்கமாக நடந்தே உச்சிக்குப் போகலாம். அங்கே வேரோடிய பாலையோ வீரையோ நின்றால், வெவ்வேறு இரண்டு மரங்களில் கயிற்றைத் தாங்கும் நங்கூரம் கட்டி, விளிம்பில் கயிறு உரசாமல் சாக்கை மடித்து வைத்து, கயிற்றைக் கீழே விடலாம். ஏறுகிறவருக்கு மேலேயே எப்போதும் கயிறு இருக்கும். வழுக்கினால் கயிறு இழுபடும் அளவுக்குத்தான் இறங்குவார். பாறையில் ஒரு துளை கூடப் போடத் தேவையில்லை.

குகையில் இந்த வழி சரிவராது. கூரையில் இருந்து கை விட்டவர் ஊஞ்சல் போல வீசப்பட்டு எதிர்ச் சுவரிலோ நிலத்திலோ மோதலாம். ஆகவே அங்கே கல்லில் துளை போட்டு போல்ட் என்ற ஆணி அடித்து, ஒவ்வொன்றாகக் கயிற்றைக் கொளுவிக்கொண்டு முன்னேறும் லீட் முறைதான் வழி. அந்த முறையில் குகைக்கு ஒரு மேன்மை உண்டு: சாய்ந்த பாறையில் லீட் போகிறவர் விழுந்தால் கல்லோடு உராய்ந்து தோல் உரியும், குகையில் விழுகிறவர் வெறுங்காற்றில் விழுவார். ஆணி நல்லதாக, பிலே பிடிப்பவர் (கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் காப்பவர்) தேர்ந்தவராக, நிலம் போதிய தூரத்தில் இருந்தால் அது சுத்தமான விழுகை. இந்த மூன்றும் சரியா என்று பார்த்துத் தீர்மானிப்பது தொடங்குகிறவர்களால் ஆகிற வேலை இல்லை.

குகையின் இன்னொரு மேன்மை நிழல். வன்னி வெயிலில் பத்து மணிக்குப் பிறகு திறந்த பாறையில் கை வைக்க முடியாது. மாரியில் பாறை நனைந்து பாசி பிடிக்கும், நல்ல குகைக்குள் ஈரம் வராது. இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெயிலுக்கு மாற்று உண்டு: மேற்குப் பார்த்த முகத்தைத் தேர்ந்து விடியற்காலையில் ஏறினால் நிழல் கிடைக்கும். வாடைக்கால மழை ஓய்ந்து சூடு ஏறுவதற்கு முன்னுள்ள மாசி, பங்குனி நல்ல காலம். குகையில் இருக்கும் சிக்கல்களுக்கு அப்படி மாற்று இல்லை.

குகைக்குள் யார் ஏற்கெனவே இருக்கிறார்கள் என்று பாருங்கள். வௌவால், கரடி, கூரையோரம் தொங்கும் மலைத்தேனீ. சிகிரியாவில் தேனீ, குளவித் தாக்குதலுக்குப் பயந்து ஒளிவதற்குக் கூண்டே கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கயிற்றில் தொங்குகிறவருக்கு ஓட இடம் இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பெரியபுளியங்குளத்துக் குகைகளில் ஈராயிரம் ஆண்டுப் பழைமையான பிராமிக் கல்வெட்டுகள் உண்டு. விசாகன் என்ற தமிழ் வணிகனின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. மழைநீர் உள்ளே வடியாதபடி வாயின் மேல் விளிம்பு வெட்டிய குகை எதைக் கண்டாலும் அது மனிதர் வாழ்ந்த பழைய இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அப்படியான இடங்களைக் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் துளை போட நமக்கு மனம் வரக்கூடாது. வெடுக்குநாறிமலை, குருந்தூர்மலை பற்றிய பேச்சே வேண்டாம். வழிபாட்டையும் தொல்லியலையும் சுற்றிப் பிணக்கு நடக்கும் இடத்தில் கயிறும் ஹார்னஸ் என்ற இடுப்பு வாருமாகப் போய் நிற்பது ஊருக்குச் செய்யும் கெடுதல். பத்துமலையிலும் முருகன் குடியிருக்கும் குகை வேறு, ஏறும் சுவர்கள் வேறு. கர்நாடகத்தின் பாதாமியிலும் சாளுக்கியர் குடைந்த குகைகள் வேறு, செம்மணற்கல் ஏறும் சுவர்கள் வேறு.

மிதிவெடியையும் சொல்லியே ஆகவேண்டும். அகற்றும் வேலை வன்னியில் பல வருடமாக நடந்து வருகிறது. மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு மேல் ஓரடியும் வேண்டாம். பலகை இல்லாத காட்டிலும் விதானையாரிடமும் அந்தக் காட்டில் விறகு, தேன் எடுக்கிறவர்களிடமும் கேட்காமல் புதுத் தடம் போடாதீர்கள். வீதியோரப் பாறைக்கு நாளாந்தம் ஆடு மாடு போய்வரும் வழி இருக்கும். கால் முறிந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வரும் அம்புலன்ஸ் நிற்க இடமும் இருக்கும்.

கைவிட்ட கல் குவாரிச் சுவர் பற்றியும் சிலர் கேட்பார்கள். நேராக, உயரமாக, வீதிக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் வெடி வைத்துப் பிளந்த கல் உள்ளேயும் விரிசல் விட்டிருக்கும். வேண்டாம்.

போல்ட் அடிக்கும் ஆசையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி மழைக்குத் துருப்பிடிக்கும். அதில் கொளுவி மாட்டும் துருவேறா எஃகுத் தகட்டை இறுக்கினால் இரண்டு உலோகம் சேர்ந்து அரிப்பு இன்னும் விரையும். ரெயிலே கடற்கரையில் துருவேறா எஃகே வெளியே தெரியாமல் விரிசல் விட்டுப்போனதால்தான் டைட்டானியம் ஆணிகளைப் பசை வைத்துப் பதிக்கத் தொடங்கினார்கள். தவறாக அடித்த ஆணியை நீங்கள் மறந்த பிறகும் அதை நம்பி இன்னொருவர் தொங்குவார்.

போல்டில் ஏறிப் பழக வேண்டுமென்றால், கொஞ்சம் காசு சேர்த்துப் பத்துமலைக்குப் போய் அங்குள்ள வழிகாட்டிகளிடம் பழகலாம். கோலாலம்பூரில் இருந்து ரயிலிலேயே போகலாம். அதுவரை இங்கே மரத்தில் நங்கூரம் போதும். 60 மீற்றர்க் கயிறு என்றால் 25 மீற்றருக்கு உட்பட்ட பாறையைத் தேருங்கள். கயிறு மேலே போய்த் திரும்பி வரவேண்டும், முடிச்சுகளுக்கும் நீளம் வேண்டும். பிலே பிடிப்பவர் பக்கத்து நுனியில் ஒரு முடிச்சுப் போட்ட பிறகே முதல் ஆள் ஏறட்டும்.