சப் பேஸ்: சைன் அலையா, 808-ஆ?

எலக்ட்ரானிக் இசையில் ஏறத்தாழ 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான அடிமட்டத்தை, அதாவது சப் பேஸை, யாரிடம் ஒப்படைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. சிந்தசைசரில் ஒரு சைன் அலையை, அதாவது ஒரே அதிர்வெண் கொண்ட தூய ஒலியை, எழுப்பி வாசிப்பவர்கள் ஒரு பக்கம். 808 என்ற தாள இயந்திரத்தின் கிக் (பேஸ் டிரம்) ஒலியின் நீண்ட வாலையே பேஸாக வாசிப்பவர்கள் மறுபக்கம். என் வாக்கு பெரும்பாலும் சைனுக்குத்தான். ஆனால் 808 வெல்லும் இடத்தில் அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808 தாள இயந்திரத்தில் பதிவு செய்யப்பட்ட ஒலி ஏதும் கிடையாது. அதன் கிக், தட்டியதும் அதிர்ந்து மெல்ல அடங்கும் ஒரு மின்சுற்றின் வேலை. அந்த வால் கிட்டத்தட்ட சைன் அலையேதான். ஆக, இருவரும் பங்காளிகள். வேறுபாடு தொடக்கத்தில் இருக்கிறது: 808-க்குத் தனக்கென்று ஒரு தட்டு உண்டு, சைனுக்கு அது இல்லை.

அந்தத் தட்டும் டிஸ்டார்ஷனும்தான் கைபேசியில் 808-ஐக் காப்பாற்றுகின்றன. 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஈ ஸ்வரத்தைக் கைபேசியின் ஸ்பீக்கர் தரவே தராது. 808-இன் அலை வடிவத்தைச் சிதைத்து நன்றாக டிஸ்டார்ட் செய்தால் 82, 123 ஹெர்ட்ஸ் என்று மேல் மடங்குகள் முளைக்கின்றன. அடிப்படை அதிர்வெண் காதுக்கு எட்டாவிட்டாலும் மடங்குகளை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. சைனுக்கும் சாச்சுரேஷன் (மென்மையான டிஸ்டார்ஷன்) கொடுக்கலாம். ஆனால் அளவு மீறினால் அதன் தூய்மை போய்விடும். அப்புறம் சைன் எதற்கு?

மிக்ஸிங்கில் சைன் சொன்ன பேச்சைக் கேட்கும். ஒவ்வொரு ஸ்வரமும் அலையின் ஒரே புள்ளியிலிருந்து தொடங்குமாறு ஃபேஸை அமைத்துவிட்டால், கிக்கோடு அது சேரும் விதம் அடிக்கு அடி மாறாது. கிக் விழும்போதெல்லாம் பேஸின் அளவைத் தானாகக் குறைக்கும் சைட்செயின் வழியாகச் சற்றே தாழ்த்தினால் போதும், இடம் கிடைத்துவிடும். 2000-களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் குராய்டனில் வளர்ந்த டப்ஸ்டெப் என்ற இசை வகையில் நீண்டு நிற்கும் சப் ஸ்வரங்களுக்கு இந்த ஒழுங்கு பொருத்தமானது.

808-இல் வேலை அதிகம். 808 ஒலியைப் பதிவு செய்து எடுத்த சாம்பிளின் சுருதியைப் பாட்டின் சுருதியோடு சேர்க்க வேண்டும். ஒரு ஸ்வரத்தின் வால் அடுத்ததன் மேல் ஏறாமல் ஒரு நேரத்தில் ஒரு குரல் என்று கட்டுப்படுத்த வேண்டும். மேலே தனிக் கிக் வைத்தால் அதன் அடிப்பகுதியை வெட்டிவிட்டுத் தட்டை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இல்லையேல் ஒரே உறையில் இரண்டு கத்தி. ட்ராப் என்ற ஹிப்-ஹாப் வகையில் இந்தப் பாடு தகும், ஏனென்றால் அங்கே கிக்கும் பேஸும் ஒன்றே.

டிட்ராய்ட் டெக்னோவின் கெவின் சாண்டர்சன் 1988-இல் அறிமுகப்படுத்திய ரீஸ் பேஸை மூன்றாவது போட்டியாளராகச் சிலர் நிறுத்துவார்கள். சுருதி சற்று விலகிய இரண்டு அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் ஆடுவதே அதன் அழகு. அடிமட்டத்தில் அதே ஆட்டம் சப்பின் பலத்தை நொடிக்கு நொடி மாற்றும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதை வெட்டிவிட்டு ஒரு சைனை அடியில் வையுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் சப்பை மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டிலும் ஒரே ஒலியாக, வையுங்கள். சிறிய அறையில் கேட்டு அளவை முடிவு செய்யாதீர்கள்: 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர், நாற்காலியைச் சற்று நகர்த்தினாலே ஒரு ஸ்வரம் இடிக்கும், இன்னொன்று காணாமல் போகும். நல்ல ஹெட்போனும், ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவையும் திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் அங்கே அறையைவிட நேர்மையானவை.