வீடியோவில் சாப்பிட்ட பாம்பு வேறு, என் வீட்டுக்கு வந்த பாம்பு வேறு

கடலூர், புதுச்சேரி பக்கம் பால் பைத்தான் குட்டி வாங்க யோசிப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். குட்டியை 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு மேல் 4,400 ரூபாயும் நான்கு மாதத் தூக்கமும் வீணாய்ப் போனது. பாம்பு பிழைத்துக்கொண்டது, ஆனால் அதில் விற்றவருக்குப் பங்கு எதுவும் கிடையாது.

முதலில் வீட்டு நிலவரம். பால் பைத்தான் என்றதும், புற்றுக்குப் பால் ஊற்றுவோமே அந்த ஜாதி என்று நினைத்து அம்மா நிம்மதியாகிவிட்டார். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர், தின்பது எலி என்று அவருக்குப் புரிவதற்குள் ஃப்ரீசரில் எலி ஏறிவிட்டது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா எலியைக் கொண்டாந்து வச்சிருக்கியேடா" என்று தொடங்கிய சண்டை, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை மாடியறைக்கு வாங்கிப் போட்ட பிறகுதான் ஓய்ந்தது. ஆனாலும் பாம்புக்கு 'உருண்டை' என்று பெயர் வைத்தது அவர்தான்.

விற்றவர் சென்னைப் பக்கம். 2024 செப்டம்பரில் நேரில் போய்த்தான் வாங்கிவந்தேன். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த காகிதமெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். பால் பைத்தான் வெளிநாட்டுப் பாம்புதான். ஆனாலும் 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் நாமும் பதிவு செய்தாக வேண்டும். (நம்மூர்ச் சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கவே கூடாது, அது தனிக் குற்றம்.) காகிதம் சுத்தமாக இருந்ததால் ஆளும் சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

"அஞ்சு மாசக் குட்டி ப்ரோ, 160 கிராம், ஹாப்பர் சாப்பிடுது, ஒரு வேளை கூட விட்டதில்ல" என்றார். (ஹாப்பர் என்றால் துள்ள ஆரம்பித்த எலிக்குட்டி.) வாட்ஸாப்பில் வீடியோவும் அனுப்பினார். இடுக்கியில் தொங்கிய எலியை ஒரு குட்டி மின்னல் மாதிரி பாய்ந்து பிடித்துச் சுற்றியது. நேரில் போனபோது குட்டி டப்பாவுக்குள் சுருண்டிருந்தது. "தோல் உரிக்கிற நேரம், தொடாதீங்க" என்றார். தோல் உரிக்கும் முன்னால் கண் நீலம் பூத்தது போல மங்கும். இதன் கண் பளிச்சென்றுதான் இருந்தது. எனக்கு அப்போது அது தெரியாது.

வீட்டுக்கு வந்து, சமையலறைத் தராசில் ஒரு டப்பாவோடு வைத்து நிறுத்தேன். 92 கிராம்.

இரை அளவு தெரியாதவர்களுக்கு: பிறந்து ஓரிரு நாளான, முடி முளைக்காத சுண்டெலிக் குஞ்சு பிங்கி. ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். கொஞ்சம் முடி முளைத்தால் ஃபஸ்ஸி. கண் திறந்து துள்ள ஆரம்பித்தால் ஹாப்பர். பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ ஏறக்குறைய அந்தத் தடிமனில் இரை இருக்க வேண்டும் என்பது கணக்கு. பால் பைத்தான் முட்டையிலிருந்து வரும்போதே பெரிய குட்டி. பெரும்பாலானவை முதல் சாப்பாட்டையே ஹாப்பரில் தொடங்கும். ஐந்து மாதத்தில் பிங்கி தின்கிறது என்றால், வளர்ந்த பிள்ளைக்கு தினமும் ஒரு ஸ்பூன் கஞ்சி ஊற்றி வளர்த்த மாதிரி.

உருண்டை ஹாப்பரைப் பார்த்ததும் தலையைச் சுருளுக்குள் இழுத்துக்கொண்டது. ஒரு வாரம் விட்டு மறுபடி காட்டினேன், அதே கதை. சந்தேகப்பட்டு ஒரு பிங்கியை நீட்டினேன். லபக்.

அன்றிரவு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பால் பைத்தானின் விலாவில் இருக்கும் வெளிர் திட்டுகளும் அவற்றுக்குள் இருக்கும் கரும்புள்ளிகளும் ஒவ்வொரு பாம்புக்கும் ஒவ்வொரு மாதிரி, நம் கைரேகை போல. வீடியோப் பாம்பின் இடப்பக்கம் கழுத்துக்குப் பின்னால் மூன்றாவது திட்டில் இரண்டு புள்ளி. உருண்டைக்கு அந்த இடத்தில் புள்ளியே இல்லை.

போன் போட்டேன். அதுவரை 'ப்ரோ' போட்டவர் அன்றைக்கு 'சார்' ஆகிவிட்டார். "உயிருள்ள பொருளுக்கு வாபஸ் கிடையாது சார். உங்க வீட்ல சூடு சரியில்லாம இருக்கும்." இதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். அழகாக இருக்குமென்று நாலு பக்கமும் திறந்து தெரிகிற பெரிய கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தேன். ஒளிய ஒரே ஒரு சட்டி. ஆனால் 92 கிராம் என் தொட்டியால் வந்ததில்லையே.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பெரிய இரைக்குப் பழக்கிக் கொடுக்கும் 'ட்ரெய்னர்' ஒருவர் இருக்கிறாராம். வீட்டுக்கு வர 3,500 ரூபாய், எலி வாசனை லிக்விட் ஒரு பாட்டில் 900 ரூபாய். பாட்டிலைத் திறந்தால் முதுநகர்த் துறைமுகத்தில் கருவாடு காயும் நாற்றம். அதை ஹாப்பர் மேல் தடவிக் காட்டினார். பாம்பு திரும்பிக்கொண்டது. அடுத்து அவர் செய்ததை நான் தடுத்திருக்க வேண்டும். தலையை இரண்டு விரலால் பிடித்து, வாயைத் திறந்து, ஹாப்பரை இடுக்கியால் உள்ளே தள்ளினார். "ஒரு தடவ ருசி பார்த்துட்டா அப்புறம் விடாது." ஈறில் துளி ரத்தம் பார்த்தேன். ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் நாள் காலை, பாதி கரைந்த எலியை உருண்டை கக்கிக் கிடந்தது. அந்த நாற்றம் வந்தபோதும் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவர் புதுச்சேரியில் கிடைத்தார். துணிப்பையில் பாம்பைக் கட்டி, காற்றுத் துளை போட்ட டப்பாவுக்குள் வைத்து, மச்சானோடு பைக்கில் போனேன். தவளக்குப்பம் தாண்டும்போது, "ஊரு பேரக் கேட்டாவது பசி வருதான்னு பாரு" என்றான் மச்சான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். புதுச்சேரியிலிருந்து டப்பாவோடு வருகிறவனைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்.

"டப்பாவுல என்ன தம்பி, எத்தன பாட்டிலு?"

"பாம்பு சார்."

"யார்கிட்ட விளையாடுற?" திறந்து காட்டினேன். அவர் இரண்டடி பின்னால் போனார். போனிலிருந்த பதிவுக் காகிதத்தைத் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு அனுப்பினார்.

மருத்துவர் தந்தது மருந்தைவிடத் திட்டுதான் அதிகம். கக்கிய பாம்பின் குடலுக்கு ஓய்வு வேண்டும், இரண்டு வாரம் தண்ணீர் தவிர எதுவும் வைக்காதே என்றார். வலுவில் ஊட்டினால் உணவுக்குழாய் கிழியலாம், வாயில் புண் பிடிக்கலாம், அதைவிட மோசம், இடுக்கியைக் கண்டாலே பயந்து சாப்பாட்டையே வெறுக்கலாம். எடை அப்போது 86.

பெரிய தொட்டியை மூட்டை கட்டிவிட்டு, உடம்பை ஒட்டி ஒளிய இரண்டு இடம் உள்ள சின்னப் பெட்டிக்கு மாற்றினேன். சூடான பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26. இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு பிங்கி. மறுவாரம் இரண்டு. அதற்கடுத்துத்தான் வித்தை. அது பிங்கியை விழுங்கிக்கொண்டிருக்கும்போது, பின்னாலேயே ஒரு ஃபஸ்ஸியின் மூக்கை மெதுவாக ஒட்டி வைக்க வேண்டும். தாடை ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் அடுத்ததும் ரயில்பெட்டி மாதிரி உள்ளே போய்விடும். முதல் இரண்டு முறை உதறிவிட்டது, மூன்றாம் முறை போனது. வாசனைக்கு லிக்விட் எதுவும் வேண்டாம். எலி வளர்ப்பவரிடம் கூண்டில் கிடந்த மரத்தூள் ஒரு பிடி கேட்டேன், சும்மாவே கொடுத்தார். பெரிய எலியை அதில் புரட்டினால் போதும். இன்னொன்று சூடு. இந்தப் பாம்பு உதட்டுக் குழிகளால் வெப்பத்தைத்தான் தேடுகிறது. உறைந்த எலியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, வெந்நீரில் கவர் போட்டுச் சூடாக்கி, கடைசியில் தலையை மட்டும் ஹேர் ட்ரையரில் கொஞ்சம் காட்டுவேன். இருட்டிய பிறகு கொடுப்பேன். வேண்டாமென்றால் எடுத்துவிட்டு ஒரு வாரம் பக்கமே போவதில்லை. தின்றால் இரண்டு நாள் தொடுவதில்லை.

நவம்பர் கடைசியில் ஃபஸ்ஸி தனியாகவே இறங்க ஆரம்பித்தது. 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணையில் வெள்ளம். கரண்ட் இல்லை, பெட்டிக்குச் சூடு தரும் ஹீட் மேட் இல்லை, ஃப்ரீசரில் இருந்த எலியெல்லாம் போச்சு. அம்மா வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியடியில் வைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு உருண்டை ஐந்து வாரம் எதையும் தொடவில்லை. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், ரயில்பெட்டி எதுவும் இல்லாமல், ஒரு ஹாப்பரை நேராகப் பாய்ந்து பிடித்தது. இந்த ஜூன் மாதம் நிறுத்தேன், 260 கிராம்.

இதையெல்லாம் எழுதாமலே விட்டிருப்பேன். போன வாரம் அதே விற்பனையாளர் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார்: "அஞ்சு மாசக் குட்டி, ஹாப்பர் சாப்பிடும்." கூடவே அதே வீடியோ. மூன்றாவது திட்டில் அதே இரண்டு புள்ளி. அந்தப் பாம்பு இந்நேரம் என் முழங்கைத் தடிமன் இருக்கும்.

"குட்டியைத் தராசில் வைத்து, இன்றைய செய்தித்தாள் பக்கத்தில் இருக்க ஒரு போட்டோ அனுப்புங்க" என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. சாயங்காலம் பார்த்தால் என்னை பிளாக் செய்திருந்தார்.